வீடு எண் 412

குலுக்கலில் விழுந்த வீட்டுக்கு
ஒன்பது வருடமாகத் தவணை கட்டுகிறேன்.
செக்டர் முப்பத்தொன்று, நான்காம் மாடி,
கிழக்கு பார்த்த சமையலறை.
வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

இப்போதிருக்கும் வாடகை வீட்டில்
ஆணி அடிக்க அனுமதியில்லை.
சுவர்க் கடிகாரம்
ஃப்ரிட்ஜின் தலையில் சாய்ந்தபடி ஓடுகிறது.

போய்ப் பார்க்க ஐந்தாம் வருடம்தான் தோன்றியது.
கர்னாலிலிருந்து டெம்போ,
பிறகு கால்வாய்க் கரையோடு நடை.
செக்டர் முப்பத்தொன்றில் கோதுமை நின்றது.
வீட்டுவசதி வாரியத்தின் பலகை
வரப்பில் குப்புறக் கிடந்தது,
அதன் முதுகில் சந்த்ரோ வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் ஜிலே சிங் விரட்டவில்லை.
"எந்த மாடி?" என்றார்.
சொன்னேன்.
வாய்க்கால் ஓரத்துப் பாப்ளர் மரமொன்றில்
அடியிலிருந்து கண்ணாலேயே ஏறி
ஒரு காக்கைக் கூட்டில் விரலை நிறுத்தினார்:
"அதோ, அங்கேதான் உன் அடுப்பு."
இருவரும் சிரித்தோம்.
பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

நிலம் தரமாட்டேன் என்று அவர் சொன்னதேயில்லை.
சாலைக்கு அந்தப் பக்கம் ஏக்கருக்கு ஒரு விலை,
இந்தப் பக்கம் அதில் பாதி.
நடுவில் ஓடுவது தார்தானே,
அதற்குள் மண் மாறிவிட்டதா என்கிறார்.
அண்ணன் தம்பி நாலு பேர்.
மூன்றாமவன் இத்தாலியில் மாடு கறக்கிறான்,
அவன் கையெழுத்து தபாலில் வர வேண்டும்.
நீதிபதி மாறினார்.
வக்கீல்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.
கோப்பின் பதினோராம் பக்கத்தை எலி தின்றது.

வீடு கிடைக்காதவர்கள் சேர்ந்து ஒரு மனு போட்டோம்.
"சிலரின் பேராசையால்" என்று தொடங்கும்.
அறுநூற்று நாற்பது கையெழுத்து.
என்னுடையது முந்நூற்று எண்பத்தெட்டாவது.

சண்டிகரில், உயர் நீதிமன்றத் தாழ்வாரத்தில்,
வாய்தா தள்ளிப்போன பிற்பகலில்
ஜிலே சிங் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
கின்னு ஆரஞ்சை உரித்தார்.
"கம்லேஷ், அதைப் படித்துவிட்டுத்தான் போட்டாயா?"
ஆமாம் என்றேன்.
படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்,
அவரும் அதைத்தான் கேட்க நினைத்தார் போல.
தோலை எல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
பாதிச் சுளையை என் கைப்பைமேல் வைத்தார்.
விதை நிறைய இருந்தது.

போன குளிரில் மரங்களை வெட்டிவிட்டார்கள்.
ஆறு வருடப் பாப்ளர், யமுனாநகர் ப்ளைவுட் ஆலைக்கு.
லாரி போன மறுவாரம் நான் போனேன்.
எவ்வளவு அண்ணாந்தும்
சமையலறை எங்கே என்று பிடிபடவில்லை.
காக்கை ஒன்று சும்மா வட்டமிட்டது.

இந்தப் பிப்ரவரியில் புது நடவு.
இலையே இல்லாத குச்சிகள்,
ஆளுக்கு இரண்டு மடங்கு உயரம்.
சாணிக் கையை முந்தானையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி
சந்த்ரோ ஒரு குச்சியின் நுனியைக் காட்டினாள்:
"பார், அதற்குள் ஒரு மாடி எழும்பிவிட்டது உனக்கு."