இருபது தெத்ரி

பதுமியில் இன்றும் மழை.
ஜெமால் காலணிக் கயிற்றை இரண்டு முறை கட்டினான்.
முதல் முறையே சரியாகத்தான் கட்டியிருந்தான்.

குளிர்பெட்டியின் மேல் ஐந்து நாணயங்களை அடுக்கிவைத்தான்.
எங்கள் கட்டிடத்து லிஃப்ட் காசு போட்டால்தான் அசையும்,
ஏறவும் இருபது தெத்ரி, இறங்கவும் இருபது.
"ஒருவேளை வெளியே போனால்" என்றான்.
ஒன்பதாவது மாடி. பதினெட்டு நாள் தையல்.
எங்கே போவேன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஜன்னல் பக்கம் தெக்லேயைத் தூக்கிக் காட்டினான்.
அதோ, துறைமுகத்தில் மஞ்சள் கிரேன். அதற்குள்தான் அப்பா.
சரியாகப் பன்னிரண்டு மணிக்குக்
கொக்கியை மூன்று முறை ஆட்டுவேன்,
உனக்கு மட்டும்.

கதவு சாத்தியது.
லிஃப்ட் அவன் காசை விழுங்கியது.
ஒன்பது மாடியும் அவன் இறங்குவதை
நின்று கேட்டேன்.

ஒரு மார்பில் சாபா, மறு கையில் முட்டை.
தெக்லேக்கு இந்த முட்டை வேண்டாம். நேற்றைய முட்டை வேண்டும்.
நேற்றையது நேற்றோடு போயிற்று என்பதை
இரண்டேகால் வயதுக்கு எப்படிச் சொல்வது?
அவளைத் தொட்டியில் உட்காரவைத்தேன், அவன் அழுதான்.
அவனை எடுத்தேன், அவள் எழுந்துவிட்டாள்.
பிறகு நடந்ததைத் தரை அறியும்.
மணி ஒன்பது ஐந்து.
கடிகாரம் நிச்சயம் கெட்டுப்போயிருக்கிறது.

எதிர்வீட்டு நாஸிப்ரோலா கதவைத் தட்டினாள்.
"ஏதாவது வேண்டுமா?"
"ஒன்றும் வேண்டாம்" என்றது வாய்.
அவள் போன பிறகுதான்
மற்ற உறுப்புகள் பேச ஆரம்பித்தன.

பதினொன்றரைக்கு, குளிர்பெட்டி மேல் நான்கு காசு.
மறுபடி எண்ணினேன். நான்கு.
பக்கத்தில் ஒரு நாற்காலி, இழுத்துப்போட்டபடி.

"காசு எங்கே தெக்லே?"
அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தேன். விரல் விட்டேன். நாக்கடியில் தேடினேன்.
ஒரு கணம், கடவுளே, தலைகீழாகக்கூடப் பிடித்தேன்.
கடித்தாள். கத்தினேன்.
யாரோ ஒருத்தியின் குரல் அது.
அவள் அழ, அவன் அழ,
குளியலறைத் தரையில் உட்கார்ந்து
மருத்துவமனை எண்ணைத் தேடியபடி நானும் அழ,
மூன்று பேருக்கும் சுருதி சேரவில்லை.

சாபா நனைந்திருந்தான்.
எது நடந்தாலும் துணி மாற்றத்தானே வேண்டும்.
இடது காலுறையைக் கழற்றினேன்.
இருபது தெத்ரி என் மடியில் விழுந்தது,
வெதுவெதுப்பாக.

விக்கலுக்கு நடுவே தெக்லே விளக்கினாள்,
புரியாத ஆளுக்குச் சொல்வதுபோல, பொறுமையாக:
"பாப்பா லிஃப்டில் போகும். வீட்டுக்குப் போகும்.
நான் காசு கொடுத்தேன்."

அவள் விரட்டவில்லை.
வழிச்செலவு கொடுத்து அனுப்புகிறாள்.

சிரித்தேன், தையல் இழுத்தது.
சிரிப்பு எந்த இடத்தில் வேறொன்றாயிற்று, தெரியாது.
"அவன் வீடு இதுதான்" என்றேன்.
யோசித்தாள். "நாளைக்கு?"
"நாளைக்கும்."
பெருமூச்சு விட்டு,
ஆறிக் கல்லான அந்த முட்டையைக் கேட்டு வாங்கித் தின்றாள்.

ஜன்னலுக்கு வந்தபோது பன்னிரண்டு நாற்பது.
மஞ்சள் கிரேன் ஏதோ கப்பலிலிருந்து
ஒரு நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தது,
யாரையும் பார்க்காமல்.

ஏழு மணிக்கு ஈரக் கோட்டோடு நுழைந்தான்.
"பார்த்தீர்களா? மூன்று முறை! மேற்பார்வையாளன் திட்டினான்."
"பார்த்தோம்" என்றேன்.
தெக்லே என்னைப் பார்த்தாள்.
பிறகு அவன் பக்கம் திரும்பிக் கையை ஆட்டிக் காட்டினாள்,
இரண்டு முறை.
அவளுக்கு எண்ணிக்கை இன்னும் அவ்வளவுதான்.

படுக்கும் முன் அவன் குளிர்பெட்டியைத் தடவினான்.
"நான்குதானே இருக்கிறது. வெளியே போனீர்களா?"
"கொஞ்ச தூரம்."

ஐந்தாவது என் அங்கிப் பையில் இருக்கிறது.
இருட்டில் அவ்வப்போது தொட்டுக்கொள்கிறேன்.
ஒரே ஒரு ஆள் இறங்கப் போதும் அது.

சாபா விழிக்கிறான்.