நான்கு கையெழுத்து

காட்பாடியில் ரயில் நின்று கிளம்பும் சத்தம்
எங்கள் மாடி வார்டு வரைக்கும் கேட்கும்.
பத்து நாற்பதுக்கு ஒன்று. அப்போது
மூன்றாம் கட்டிலில் இருப்பேன்.
பதினொன்றரைக்கு இன்னொன்று. அதற்குள்
பதினோராம் கட்டிலைத் தொட்டிருக்க வேண்டும்.
தொட்டிருக்க மாட்டேன்.

இரண்டு மணிக்கொரு தரம் ஆளைத் திருப்பிப் படுக்கவைக்கணும்
என்று லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறது சுவரில்.
திருப்ப, துடைக்க, முட்டிக்கு நடுவே தலையணை செருக
ஒருவருக்கு ஆறு நிமிஷம்.
கட்டில் முப்பத்தொன்று.
பிளஸ் டூவில் கணக்கில் போனவள் நான்.
இந்தக் கணக்கு மட்டும் தூக்கத்திலும் வரும்:
கடைசிக் கட்டிலை முடிக்கையில்
முதல் கட்டிலுக்கு ஒரு மணி நேரம் கடன்.
வட்டி முதுகில் ஏறும்,
முதலில் ஒரு ரூபாய்க் காசு அகலம், சிவப்பாக.
அப்புறம் பத்து ரூபாய்க் காசு.

பதிவேட்டில் நாங்கள் நான்கு பேர்.
ரா. எப்சிபா, அது நான்.
கு. தெய்வானை பிரசவத்துக்குக் குடியாத்தம் போனாள்;
குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது.
ம. லோகாம்பாள் மஸ்கட்டில்
ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறாள்.
ஒரே ஒருவரை.
நான்காவது, சி. ஜெயசீலி.
அவளை நான் பார்த்ததே இல்லை.

நால்வருக்கும் என் பேனாதான்.
தெய்வானைக்குச் சாய்த்து,
லோகாம்பாளுக்குக் கோழி கிளறினாற்போல,
ஜெயசீலிக்கு மட்டும் கீழே நீளமாய் ஒரு கோடு.
கொஞ்சம் பெருமைக்காரியாக இருப்பாள் என்று நினைப்பு.

சோதனை என்று தகவல் கசிந்த அன்று
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வாசலிலிருந்து
மூன்று பெண்களை வேனில் ஏற்றிவந்தார் மேனேஜர்.
ஆளுக்கு நானூறு, ஒரு பிரியாணிப் பொட்டலம்,
துவைத்த வெள்ளைக் கோட்டு.
ஒருத்தியின் விரல் நுனியில் காய்ந்த பசை உரிந்துகொண்டிருந்தது.
"இன்னிக்கி உன் பேரு ஜெயசீலி" என்றேன்.
"இன்னாக்கா, பழைய டீச்சர் பேரு மாதிரி கீது" என்று சிரித்தாள்.

ஐந்து மணிக்கு வரவேண்டிய அதிகாரி ஒன்பதரைக்கு வந்தார்.
தலைகளை எண்ணினார். நான்கு.
டிக் அடித்தார். டீ வேண்டாம் என்றார்.
வேன் டிரைவர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தான்.

சும்மா உட்கார்ந்து பழகாத கைகள்.
நாள் முழுக்க சோல் ஒட்டுகிறவை.
"எப்டிக்கா திருப்புறது?"
காட்டினேன். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, ஒரே மூச்சு.

பதினொன்றரை ரயில் வருவதற்குள்
முப்பத்தொரு பேரும் திரும்பிப் படுத்திருந்தார்கள்.
என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.
வாஷ்பேசினைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.
பிறகு ஏழாம் கட்டில் வரதப்ப நாயுடுவின் அருகே
ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.
பதினான்கு மாதத்தில் முதல் தடவை.
தெலுங்கில் பேசினார். சித்தூர் ரோடு, லோடு லாரி,
பிரேக் பிடிக்காத ஒரு பாலம்.
பாதிதான் புரிந்தது. பாலத்தைத் தாண்டினாரா என்று
கேட்க மறந்துவிட்டேன்.

இருபத்தேழாம் கட்டில் பேர்ணாம்பட்டு ஹலீமா பீ
ஜெயசீலியின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.
அவளும் இழுத்துக்கொள்ளவில்லை,
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.
விடிந்ததும் ஒரு போர்வைகூட நனைந்திருக்கவில்லை.

கோட்டுகளை மடித்துக் கொடுத்தார்கள்.
நானூறை இரண்டு முறை எண்ணினார்கள்.
அவள் உண்மைப் பெயரைக் கேட்க நினைத்தேன்,
வேன் ஹாரன் அடித்தது.

அடுத்த இரவு ஹலீமா பீ கேட்டார்,
"ஜெயசீலி வர்லியா?"
"லீவு" என்றேன்.

பதிவேட்டைத் திறந்தேன்.
எனக்குப் போட்டேன். தெய்வானைக்குச் சாய்த்துப் போட்டேன்.
லோகாம்பாளுக்குக் கிளறினேன்.
நான்காவது கட்டத்தில் பேனா நின்றது.
இல்லாதவளுக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் போடலாம்.
இவள் இருக்கிறாளே. ராணிப்பேட்டையில்,
பசை காயாத விரலோடு.

கட்டத்தை அப்படியே விட்டேன்.
காலையில் மேனேஜர் கேட்பார்.

நான்காம் மணியும் இருபத்தேழாம் மணியும்
ஒன்றாக அடித்தன.
பத்து நாற்பது ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது.
நான் மூன்றாம் கட்டிலில் இருந்தேன்,
ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில்.