ஏகமனதாக

அறிக்கைக் கொப்பியில் அந்தச் சொல்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
கடைசி எழுத்தில் மை பரவியிருக்கிறது.
பேனை கசிந்தது, வேறு காரணமில்லை.

திருக்கடலூர், சங்க மண்டபம், ஆவணி.
இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடவில்லை.
ஏழு பேர்.
ஏழு பேரும் சுனாமியன்று
ஒரே வேப்பமரத்தில் தொங்கியவர்கள்.
பரஞ்சோதியின் சாரத்தை எட்வின் பிடித்திருந்தான்,
எட்வினின் காலை நான்.
அதற்குப் பிறகு எங்களுக்குள்
கடனுக்குத் துண்டெழுதுவதில்லை.
இஞ்சின் இரவல் கேட்டால் ஏனென்று கேட்பதில்லை.
மூன்று கல்யாணம் எங்கள் பிள்ளைகளுக்குள்ளேயே முடிந்தன.
இப்படிப்பட்டவர்களிடம் போய்
ஐஸ் தொழிற்சாலைக்கு எந்தக் காணி என்று
கேட்டது ஊர்.

காணி பார்க்கப் போனோம்.
குழாய்க்கிணறு ஏற்கெனவே இருந்தது, விலை மலிவு.
கனகசூரியம் கைப்பம்பை அடித்து
முதல் ஆளாய்க் குடித்தார்.
"இளநி மாதிரி," என்றார்.
தலைவர் அவர். மரத்தில் உச்சியில் இருந்தவரும் அவரே.
"இன்னொண்டு வருது, விடாதையுங்கோ" என்று கத்தினார் அன்றைக்கு.
வந்தது. விடாதவர்கள் இருக்கிறோம்.

நான் குடித்தேன்.
உப்புக் கரித்தது.
நேசராசா குடித்தான், தலையாட்டினான்.
தவமணி குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தான்
மழை ஏதோ அவனிடம் கேட்டதுபோல.
முப்பது வருடம் கடலில் ஊறிய நாக்கு,
இதற்கு எதுதான் கரிக்காது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புஷ்பகாந்தி மட்டும் இரண்டாம் தரம் அள்ளினாள்.
"தண்ணியை ஒருக்கா சோதனைக்குக் குடுத்துப் பாப்பமே?"
"உன்ர குழம்புக்கே உப்புக் காணாது,
நீ உப்பைப் பற்றிக் கதைக்கிறாய்," என்றான் எட்வின்.
மச்சான் முறை, சொல்லலாம்.
சிரித்தோம். எல்லாரிலும் சத்தமாய் நான்.
அவளும் சிரித்தபடி
ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

கூட்டத்தில் பிளேன்ரீ வந்தது, வாழைப்பழமும்.
வெளியே கோட்டைப் பக்கத்து மான் இரண்டு
தோலுக்காக வாசலில் நின்றன.
"ஆருக்கும் வேற கருத்து?"
ஓடுகிற விசிறியின் கிறீச்சைக் கேட்டோம்.
தவமணி செருமினான்.
ஆறு தலைகள் அவன் பக்கம் திரும்பின.
"தொண்டை," என்றான், "பழம் அடைச்சிட்டுது."
எழுதினேன்.

மாசியில் மெஷின் ஓடத் தொடங்கியது.
கட்டிகள் கண்ணாடியாய் வரவில்லை.
கலங்கல் வெள்ளை, விரல் பட்டால் பொருபொருத்து உதிரும்.
தம்புள்ளை லொறிக்காரன் சூரையின் செவுளைத் திறந்தான்,
பிறகு, நோயாளியின் கண்ணிமையை மூடுவதுபோல்,
மெதுவாக மூடினான்.
விலை சொல்லவில்லை.
சித்திரைக்குள் குழாய்களில் துரு பூத்தது.

சலூனில் சவரநுரைக்கு நடுவே நேசராசா சொன்னான்:
"அண்டைக்கே எனக்குக் கரிச்சது."
செத்தவீட்டுப் பந்தலில், இரண்டு போட்டபிறகு, எட்வின்.
பரஞ்சோதி டெலிபோனில், தன் மனைவி சொன்னதாக.
தவமணிக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை.
தனித்தனியாக எல்லாரும் எனக்குச் சொன்னார்கள்,
ஒவ்வொருவருக்கும் நான் சொன்ன பதில்,
"அப்பிடியா, எனக்குத் தெரியேல்ல."

கனகசூரியத்திடம் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்பதில்லை என்று நாங்கள் பேசி வைத்ததும் இல்லை.
எப்படியோ அதையும்
சேர்ந்தேதான் செய்கிறோம்.

இன்று ஞாயிறு, மறுபடி கூட்டம்:
வடிகட்டும் மெஷின் ஒன்று வாங்குவது பற்றி.
காணி நல்லதாம், தண்ணீரைத் திருத்தினால் போதுமாம்.
திகதி போட்டு, வந்தோர் பெயரெழுதி
ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.
புஷ்பகாந்தி பிந்தி வந்தாள்.
பழைய சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து
மேசை நடுவில் வைத்தாள், ஏழு கிளாசும்.
ஒன்றும் சொல்லவில்லை.
பிளேன்ரீ வந்தது.
பிளேன்ரீயை எடுத்தோம்.