எண்ணூற்றிப் பதினாலு பங்காளிகள்

ஒருக்காத்தான் தேடினேன்.
தை மாதம், இரவு இரண்டு மணி.
ஸ்காபுறோ வீதிகளில் உப்புத் தூவும் வண்டிகளின்
மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கியது.
'ஒரு காதுக்கு மட்டும் கேட்கும் கருவி, விலை.'
பார்த்தேன், மூடினேன்,
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

வலது காது.
பன்னிரண்டு வயதில், பங்கர் வாசலுக்குக் கிட்ட விழுந்த ஷெல்
வேறொன்றையும் எடுக்கவில்லை.
அம்மாவுக்கே சொன்னதில்லை.
முப்பத்திரண்டு வருசமாய்
ஆட்களை இடப்பக்கம் விட்டு நடந்தே
சமாளித்து வந்திருக்கிறேன்.

விடிய, புட்டுக்கு மாக்குழைக்கும் காணொளிக்கு முன்னால்
ஒரு கருவி, தோலின் நிறத்தில்.
பனிப்புயல் எச்சரிக்கைக்குக் கீழே இன்னொன்று.
மரண அறிவித்தல் பார்க்கப் போனால்
கரவெட்டியில் பிறந்து மொன்றியலில் வசித்தவரின்
மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில்
வெள்ளைக்கார மனுசி ஒருத்தி காதைத் தொட்டுச் சிரிக்கிறாள்:
'அன்புக்குரியவர்களின் குரலை மீண்டும் கேளுங்கள்.'

வேலையிடத்தில் என் மின்னஞ்சலைத் திறந்தது பிழை.
பல் மருத்துவமனை, வரவேற்பு மேசை,
தோளுக்கு மேலால் ரொசெல் எட்டிப் பார்க்கிறாள்.
"யாருக்கு?"
"மாமிக்கு," என்றேன்.
மாமி செத்து ஆறு வருசம்.

இதற்குக் குக்கீ என்று பெயர்.
எங்களுக்கு அது விசுக்கோத்து.
சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விவரம் கேட்க
ஆமிக்காரனும் கையில் வைத்திருந்தான்.

பேந்து, தலையாட்டி.
சாக்கால் முகம் மூடி ஜீப்புக்குள் இருப்பான்.
வரிசையாய் நடந்து போவோம்.
எங்கட ஆள்தான்,
எங்கள் பெயர் தெரிந்தவன்தான்.
'அனைத்தையும் நிராகரி' என்று அழுத்த
அந்த ஜீப்பில் ஒரு பொத்தானும் இருந்ததில்லை.

இரண்டும் ஒன்றல்ல, தெரியும்.
இங்கே ஒருவரையும் ஏற்றிக்கொண்டு போவதில்லை.
சப்பாத்து விற்கிறார்கள், கருவி விற்கிறார்கள், அவ்வளவுதான்.
ஆனால் பிடரிக்கு அதெல்லாம் விளங்குவதில்லை.
அது ஒரே மாதிரித்தான் குளிர்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, தேத்தண்ணியோடு உட்கார்ந்தேன்.
'ஏற்றுக்கொள்' பச்சையாய், பெரிதாய், கட்டைவிரலுக்கு நேரே.
'தெரிவுகளை நிர்வகி' சாம்பல் நிறத்தில்,
சீட்டுக் கம்பனி ரசீதின் பின்பக்க எழுத்துப் போல.
உள்ளே போனால்:
'நாங்களும் எங்கள் 814 பங்காளிகளும்
உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம்.'

பங்காளி என்றால் நான் அறிந்தது
இரவோடிரவாய் வேலியை அரக்கி,
கதியாலை ஒரு முழம் உள்ளே நட்டுவிட்டு,
கலியாணத்துக்கு முதல் ஆளாய் வந்து நிற்கிறவர்.
அப்படி எண்ணூற்றிப் பதினாலு பேர்.

ஒவ்வொன்றாய் அணைத்தேன்.
'முறையான அக்கறை' என்றொரு வரிசை
கேட்காமலே எரிந்துகொண்டிருந்தது.
எஸ்தோனியாவில் யாருக்கோ
என் காதில் அக்கறை.
நூற்றி முப்பதில் கை ஓய்ந்தது.

இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும்:
வீட்டில் ஒரே வைஃபை.
நவநீதனின் போனிலும் அது வந்திருக்கவேண்டும்,
ஹாக்கி ஸ்கோருக்கு நடுவில்.
ஒன்றும் கேட்கவில்லை அவர்.
போன கிழமையிலிருந்து
கட்டிலில் பக்கம் மாறிப் படுக்கிறார்,
சன்னல் பக்கம் குளிராம்.
எங்கே போனாலும் காரைத் தானே ஓட்டுகிறார்;
நான் வலது இருக்கையில்,
அவர் சொல் என் நல்ல காதில்.

நான் பூட்டி வைத்ததை
எவனோ ஒரு பங்காளி திறந்து அவரிடம் கொடுத்திருக்கிறான்.
நன்றி சொல்லமாட்டேன்.
சொல்லியிருப்பேன், என்றைக்காவது,
என் வாயால்.
சொல்லாமலும் விட்டிருப்பேன்.

நேற்று இரவு, இடப்பக்கமிருந்து
மெதுவாய் ஏதோ கேட்டார்.
ஒரு எழுத்துக் குறையாமல் விழுந்தது.
கேளாதவள் மாதிரிக் கிடந்தேன்.

மேசையில், கவிழ்த்த போனுக்குள்,
மிச்சம் அறுநூற்றி எண்பத்து நாலும்
எரிந்துகொண்டிருந்தன.