மூன்று இஞ்ச்

வனத்துறை ஏலத்தில் எடுத்த ஜீப்.
தேன்கனிக்கோட்டையில் வேலியோரம்
நாலு மழைக்காலம் நனைந்தது.
எஞ்சின் நல்ல எஞ்சின்,
நாலு சக்கரமும் இழுக்கும்.
எனக்குத்தான் இடமில்லை.

ஐந்தடி பதினோரு அங்குலம் நான்.
பெண் பார்க்க வந்தவர்களைக்
கழுத்து நிமிர்த்த வைத்த உயரம்.
கன்று திரும்பிக் கிடக்கும் பசுவுக்குள்
தோள்வரை கைவிட உதவும் நீளம்.
இந்த ஸ்டியரிங்கின் அடியில் மட்டும்
அதை எங்கே மடக்கி வைப்பதென்று
ஜீப் செய்தவன் யோசிக்கவில்லை.

முன்பு ஓட்டியவர் குள்ளமாக இருந்திருக்க வேண்டும்.
தரைத் தகட்டில் அவர் குதிகால் தேய்த்த பள்ளம்,
ஒரு ரூபாய் அகலம், பளபளவென்று.
என் குதிகால் அதற்கு
நாலு விரல் பின்னால் விழுகிறது.

அஞ்செட்டி இறக்கம், சாயங்காலம் ஆறேகால்.
வளைவு திரும்பினால் ஒற்றை ஆண் யானை.
பிரேக்குக்குக் காலைத் தூக்கினேன்.
முட்டி சாவியில் இடித்துத் திருகியது.
எஞ்சின் அணைந்தது.
பின்சீட்டில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு
திம்மராயன்
கன்னடத்தில் ஒரு சாமியையும்
தமிழில் என்னையும் கூப்பிட்டார்.
யானை ஒரு மூங்கிலை ஒடித்தது.
மென்றது.
பிறகு முன்னங்காலை நீட்டி
பின்னங்காலை நீட்டி
ரோடு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு
கடந்தது.
எவ்வளவு இடம் அதற்கு!
முட்டியைத் தடவிக்கொண்டே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு,
முக்தியார் பாய் பட்டறை.
டேப்போடு என் காலருகே குனிந்தவர்
தயங்கி, அதை என்னிடமே நீட்டினார்.
“நீங்களே பிடிங்க டாக்டரம்மா.
நம்பரை மட்டும் சொல்லுங்க.”
இடுப்பிலிருந்து முட்டி. முட்டியிலிருந்து பெடல்.
பானட்டின் மேல் சாக்பீஸால்
கூட்டினார், கழித்தார்.
மெத்தையை இறக்கினால் முட்டி ஏறும்.
ஸ்டியரிங்கைச் சின்னதாக்கினால்
மலையில் தோள் கழன்றுவிடும்.
“சீட்டைப் பின்னால தள்ளுறதுதான். மூணு இஞ்ச்.”

நாலு போல்ட்.
மூன்று சுழன்று வந்தன,
நாலாவதை கேஸ் வைத்து அறுத்தார்.
சீட்டுக்கு அடியில், முதுகை முன்னே தள்ள
யாரோ செருகிய தேக்குக் கட்டை.
அதில் ஆணியால் கீறிய பெயர்:
மு. கெம்பன்.
கட்டையைத் தூக்கிப் போட மனமில்லாமல்
டூல்ஸ் பெட்டியில் வைத்தேன்.

மூன்று வாரம்
நாட்ராம்பாளையம் வரைக்கும், அதற்கு மேலும்
மண் ரோட்டில் கால் நீட்டி ஓட்டினேன்.
கோமாரி ஊசி, எழுநூற்றுச் சொச்சம் மாடு.
என் முட்டி என்று ஒன்று இருப்பதே
மறந்துபோயிற்று.

கோட்டையூரில் இறங்கிய திம்மராயன்
கதவைப் பிடித்தபடி நகராமல் நின்றார்.
“மரத்துப்போச்சு மேடம். தானா விட்டுடும்.”
எத்தனை நாளாக?
அவர் விரல் விட்டு எண்ணவில்லை.
“சீட்டு மாத்தினதிலேர்ந்து.”
கண்ணாடியில் எனக்கு எப்போதும் தெரிந்தது
அவர் தலைப்பாகையும் பெட்டியின் மூடியும்தான்.
அவருக்கும் கால் நீளம் என்று
அன்றுதான் பார்த்தேன்.
அதிலும் ஒன்று, எருது உதைத்தது.

மறுபடி ராயக்கோட்டை ரோடு.
“ஒன்றரை முன்னால தள்ளுங்க பாய்.”
பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் நடுவே
சாக்பீஸை வைத்து நிமிர்ந்து பார்த்தார்.
“இப்ப ரெண்டு பேருக்கும் இடிக்குமே?”
இடிக்கட்டும் என்றேன்.
கூலி வாங்கவில்லை. சாவிக்கு மட்டும்
பழைய சைக்கிள் டியூபை வெட்டி
உறை போட்டுக் கொடுத்தார்.

இப்போது வளைவுகளில்
என் முட்டி ரப்பரைத் தொடுகிறது,
எஞ்சின் அணைவதில்லை.
முதுகுக்குப் பின்னால், மெத்தை வழியாக,
இன்னொரு முட்டி.
குழி வந்தால் இரண்டும்
ஒரே சமயத்தில்.