லிட்டருக்கு எட்டு

லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர்.
மளிகைக்கடைக் கடனுக்கு வாங்கிய
ஐந்நூற்று ஐம்பத்தைந்து நோட்டில்
கூட்டிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன்,
எட்டுதான்.
பகாவிலிருந்து கூலிம் நானூற்று அறுபது.
டோல் தனி.
வேலை போன பதினோரு பேரிடம்
தலைக்கு எவ்வளவு கேட்பது?

கம்பெனி செனவாங்கில் கதவைச் சாத்திக்கொண்டு
கூலிமில் திறந்திருக்கிறது.
அனுபவம் உள்ளவர்கள்
திங்கள் காலை பத்து மணிக்கு நேரில் வரலாம்.
வரலாம்.
எதில் என்று எழுதவில்லை.

ஞாயிறு, டயர் சூடேறும் முன் காற்று பார்த்தேன்.
பின்னிரண்டும் இருபத்தாறு.
எத்தனை மாதமோ
வாத்து மாதிரி பின்பக்கம் தாழ்ந்து நடந்திருக்கிறது,
நான் அதை வயசு என்று நினைத்திருந்தேன்.

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன்.
செம்மண்.
செம்பனைக் குலை லோரிகளுக்குப் பின்னால் போன
ஷிப்டு விடியல்கள் எல்லாம்
சிமெண்டுத் தரையில் கொட்டின.
தும்மினேன்.
புதுசு முப்பத்திரண்டு வெள்ளி.

ஆ ஹொக் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக்
கையால் சுற்றினான்.
அரைச் சுற்றில் நின்றது.
"பிரேக் மிதிச்சிகிட்டே ஓட்டிட்டு வந்திருக்கே, அக்கா."
நான் மிதிக்கவில்லை.
அதுவாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
கிரீஸ் தடவி மறுபடி சுற்றினான்.
சக்கரம் நிற்கும்வரை
இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு எடை.
கூரைக் கேரியரை இறக்கினேன்.
பின்சீட்டுக்கு அடியில்
கோயில் படிக்கு வாங்கிக் கல்லாகிப்போன அரை மூட்டை சிமெண்டு,
சலோமியின் மிலோ டின், ஒற்றைச் செருப்பு,
பத்தாண்டு சேவைக்குக் கம்பெனி கொடுத்த
குடைகள் மூன்று, கம்பி ஒடிந்தவை.
டாஷ்போர்டுப் பிள்ளையாரையும்
உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தேன்.
நூறு கிராம் இருப்பார்.
இருக்கட்டும்.

குழுவில் போட்டேன்: ஆளுக்கு ஒரு பை.
தவமலர் கேட்டாள்,
"என் எடைக்கு என்ன செய்யறது?"
ரொஹானா ஏழு சிரிப்புமுகம் அனுப்பினாள்.
போக வர இருபத்தாறு வெள்ளி என்றேன்.
யாரும் பேரம் பேசவில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரவு இரண்டு மணிக்குப் புறப்பாடு.
அடிபட்ட காலில் செருப்பு போடுகிற மாதிரி
பெடலைத் தொட்டேன்.
தொண்ணூறு, அதற்கு மேல் இல்லை.
லோரிக்காரன்கூட விளக்கடித்துத் திட்டிக்கொண்டு போனான்.
ஏர்கான் இல்லை, ஜன்னலும் திறக்கக் கூடாது.
பன்னிரண்டு பேர் மூச்சு கண்ணாடியில் படிய
கன்னிமா எக்கி எக்கித் துடைத்தாள்,
இண்டர்வியூவுக்கு வைத்திருந்த துப்பட்டாவால்.
ஈப்போ தாண்டி மெனோரா ஏற்றம்.
தூங்கினவர்களும் விழித்து
எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள்,
சாய்ந்தால் வேன் ஏறிவிடும் என்பதுபோல்.
ஏறியது.

கூலிமில் நிரப்பிக் கணக்குப் போட்டேன்.
ஒன்பது புள்ளி ஏழு!
சத்தமாகச் சொன்னேன்.
யாருக்கும் கேட்கவில்லை.
மடியில் துப்பட்டாவைப் போட்டு
கையால் நீவிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு
ஏழு பேரை எடுத்துக்கொண்டார்கள்.
ஹாஸ்டல் இருக்கிறதாம், நாளைக்கே ஷிப்டாம்.
ஆளுக்கு ஒரு பை
போதுமாக இருந்தது.
கேட்டுக்குள் போய்ச் சலோமி திரும்பிவந்து
அந்த மிலோ டின்னைத் தூக்கிப் போட்டுவிட்டாயா என்றாள்.
இல்லை, வீட்டில் இருக்கிறது என்றேன்.

திரும்பும்போது நாலு பேர்.
வேன் அப்படி ஓடியது,
ஏற்றத்தில் கியர் மாற்றக்கூடத் தேவைப்படவில்லை.
தவமலர் முன்சீட்டில்
பெல்ட்டைப் பிடித்தபடியே வந்தாள்.

விடியலில் பகாவ் ஸ்டேஷன்.
நிரப்பினேன். கணக்குப் போட்டேன்.
பதினொன்று புள்ளி நாலு.
இந்த வேன் என்னிடம் வந்ததிலிருந்து
காட்டாத கணக்கு.
நோட்டை நீட்டினேன்.
"நல்லாத்தானே இருக்கு" என்றாள் தவமலர்,
பின்னால் திரும்பாமல்.

அடுத்த பக்கத்தில்
ஏழு பேர் பெயரையும் எழுதினேன்.
வருவதற்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.
ஆளுக்குப் பதின்மூன்று வெள்ளி,
நான் தர வேண்டியது.