கதவிடுக்கு வெளிச்சம்

வியாழன் இரவு ஒன்பது மணி.
எங்கள் ஈசூன் புளோக்கின் ஏழாம் மாடியில்
இன்ஸ்பெக்டர் தாரகையைக் கடத்தப்போகிறார்கள்.
"அப்பா, நம்ம காரிடார்!"
சோபாவில் ஏறி நிற்கிறாள் இதழினி.
திலகா கைபேசியால்
தொலைக்காட்சியைப் படம் பிடிக்கிறாள்.

மின்தூக்கி திறக்கிறது.
தாரகையின் ஒரு காலில் மட்டும் செருப்பு.
பின்னால் முகமூடிக்காரன்,
வாடகை வாங்க வருகிறவனைப் போல
அவசரமில்லாமல் நடக்கிறான்.

முதல் கதவு ரொஸ்லானுடையது.
தட்டும்போது சைக்கிள் சரிந்து விழுகிறது.
அது கதையில் இல்லாதது.
உடைந்த மணிக்கு அவர் இன்னும்
காசு கேட்டுக்கொண்டிருக்கிறார்.
இரண்டாவது, மேடம் கோ.
சிவப்புத் தாள், பொன்னெழுத்து,
புத்தாண்டுக்கு வாங்கிக் காய்ந்த ஆரஞ்சுச் செடி.
திறக்கவில்லை.
மூன்றாவது
எங்கள் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம்,
நான் பேருந்து ஓட்டப் போட்டுப்போகும் சப்பாத்து.

"யாராவது இருக்கீங்களா"
இரும்புக் கேட்டை இரு கையாலும் உலுக்குகிறாள்.
கேமரா அவள் முகத்தை விட்டு இறங்கி
கதவுக்கும் தரைக்கும் நடுவே
ஒரு விரற்கடை இடைவெளியில் நிற்கிறது.
அங்கே வெளிச்சம்.
பிறகு
அணைகிறது.

"அய்யோ, என்ன டைரக்‌ஷன்!" என்கிறாள் திலகா.
"உள்ள ஆள் இருக்கு, ஆனா திறக்கமாட்டான்.
ஒரு லைட்டை வச்சே சொல்லிட்டாங்க பாருங்க."
பிடோக்கிலிருந்து அவள் தங்கை
புல்லரித்துவிட்டதாகச் செய்தி அனுப்புகிறாள்.

அன்றைக்கு இவர்கள் ஜொகூரில் இருந்தார்கள்.
எனக்கு விடியற்காலை ஷிப்ட்.
எட்டு மணிக்கே படுத்தவன்
ஒரு மணிக்கு அலறல் கேட்டு எழுந்தேன்.
விளக்கைப் போட்டேன், தாழ்ப்பாள்வரை வந்தேன்.
எட்டிப் பார்க்கும் துளைமேல்
நகைக்கடை நாட்காட்டி தொங்கியது.
வெளியே அந்தக் குரல்
தமிழில் கேட்டது,
யாராவது இருக்கீங்களா என்று.
இருந்தேன்.
நாலரை மணிப் பேருந்தை நினைத்தேன்.
காவல் நிலையம், வாக்குமூலம், லீவு விண்ணப்பம்
எல்லாவற்றையும் நினைத்தேன்.
தாழ்ப்பாளை விட்ட கை
சுவிட்சுக்குப் போனது.

இருட்டில் சோற்றுப்பானையின் சின்ன விளக்கு மட்டும்.
கேட் ஒருமுறை அதிர்ந்து ஓய்ந்தது.
கால்கள் இழுபடும் சத்தம்.
போன் மேசைமேல்தான் இருந்தது.
அதன் பிறகு, "கட்! சூப்பர், ஒரே டேக்!"
கைதட்டல், யாரோ இருமியது,
பாக்கெட் மைலோ உறிஞ்சும் ஒலி.
நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மின்தூக்கியில் படித்தேன்.
நான்கு மொழியில் ஒட்டியிருந்தார்கள்:
படப்பிடிப்பு, சத்தம் கேட்கலாம், பதற்றம் வேண்டாம்.
மூன்று நாளாய் அதைத்
தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பென்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.
பதறாமல் இருந்தவனுக்கு
எந்த மொழியில் எழுதியிருந்தால் என்ன.

"அன்னைக்கு நீங்க வீட்லதானே?"
திலகா திரும்புகிறாள்.
"லைட்டை நீங்களா அணைச்சீங்க?
அணைக்கச் சொன்னாங்களா?"
"ஆமா. சொன்னாங்க."
"அப்பா நடிச்சிருக்கார்!"
இதழினி குதிக்கிறாள்.
நாளை பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

திரையில் தாரகையை
வேனில் ஏற்றிக் கதவைச் சாத்துகிறார்கள்.
தொடரும்.
"செத்துடுவாளாப்பா?"
"மாட்டா. கதாநாயகி."
சொல்லிவிட்டேன். தொண்டை அடைத்தது.

அந்த இரவு தூக்கம் பிடிக்கவில்லை.
ஒன்றரை மணி இருக்கும்,
மேடம் கோ வீட்டில் என்னவோ விழுந்து
வெகுநேரம் சுழன்று அடங்கியது.
கைலியை இறுக்கிக்கொண்டு போய்
தட்டினேன்.
இரண்டாம் தடவையும் தட்டினேன்.
கதவிடுக்கில் வெளிச்சம் வந்தது.
நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அது அங்கேயே இருந்தது.

சங்கிலி மாட்டிய கதவு நாலு விரல் திறந்தது.
ஒரு கையில் சட்டி மூடி.
என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால்
காலியான காரிடாரைப் பார்த்தாள்.
"மறுபடி ஷூட்டிங்கா?" என்று
மலாயில் கேட்டாள்.